மக்கு

1912இல் பிகாஸோ பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியைச் சித்திரத்தில் ஒட்டியது பற்றி நீளமாக எழுதியிருக்கிறேன். இரண்டாம் சரபோஜி (1798-1832) காலத்துத் தஞ்சாவூர்ப் படங்களில் கண்ணாடிக் கல்லும் தங்க ரேக்கும் ஒட்டியிருப்பது மட்டும் எனக்கு வெறும் கைவினை. அதே திமிரில் நண்பர் ஒருவரின் படத்தை ‘ஒட்டுவேலை’ என்று எழுதிவிட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன். பலகையில் துணி, சுண்ணாம்புப் பொடியைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்த மக்கு, பக்கத்திலேயே காவேரி வண்டல், உமி, பழைய சலான். மறுநாள் வண்டல் கோடை வயல்போல் வெடித்திருந்தது. உமி உதிர்ந்தது. மக்கு மட்டும் அசையவில்லை. ஈரம் போனால் வண்டல் சுருங்கும். சுண்ணாம்பைப் பசை பிடித்துக்கொள்ளும். இது தெரியாமல்தான் பத்து வருஷமாக விமர்சனம்.

நண்பர் வந்து பார்த்தார். ‘வண்டலிலும் கொஞ்சம் பசை சேர்க்கணும், சார்’ என்றார். என் கட்டுரை பற்றிப் பேசவில்லை.