அம்மாவின் தாலாட்டு

வீட்டிலே பழைய கசற் வைத்திருக்கும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். அம்மா பாடிய தாலாட்டு ஒன்று எங்களிடம் இருக்கிறது. மகன் அதைக் கணினியில் ஏற்றினான். சுருக்காத 'வேவ்' கோப்பு, இறுவட்டின் தரத்தில், நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைற் இடம் பிடிக்கும். 'ஃபிளாக்' என்ற முறையில் சுருக்கினால் ஏறத்தாழப் பாதி போதுமாம்.

அண்ணா சம்மதிக்கவில்லை. "சுருக்கினால் அம்மான்ர குரல் மாறிப்போகும்" என்றார்.

'எம்பி3' என்றால் அந்தப் பயம் நியாயம்தான். காதுக்கு எட்டாது என்று கணித்த ஒலிகளை அது எறிந்துவிடும். எறிந்தது திரும்பி வராது. 2001இல் வந்த ஃபிளாக் எதையும் எறிவதில்லை. ஒலி அங்கே விநாடிக்கு 44,100 அளவுகளாகப் பதிந்திருக்கிறது. முந்திய அளவுகளை வைத்து அடுத்ததை ஊகித்து, ஊகம் எவ்வளவு பிசகியது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. இசைக்கும்போது பழைய எண்கள் அப்படியே வந்துவிடும். சேலையை மடித்து வைப்பது போலத்தான்; ஒரு நூலும் குறையாது.

மகன் சுருக்கியதை விரித்து, மூலத்தோடு ஒப்பிட்டான். ஓர் எண்கூட மாறவில்லை. அண்ணாவோ, வேவில்தான் இனிமை அதிகம் என்றார். பெரியவர், மறுத்துப் பேச முடியுமா? எது எதுவென்று சொல்லாமல் பத்துத் தடவை போட்டுக் காட்டினான். ஐந்து தடவை சரியாகச் சொன்னார். பூவா தலையா போட்டாலும் அவ்வளவு வரும்!

குரலைக் கெடுப்பது சுருக்குவதல்ல, காலந்தான். நாடா பழுதாகிக்கொண்டே போகிறது. அம்மா மூச்செடுக்கும் இடத்தில் இப்போதே இரைச்சல். ஆகவே முதலில் பிரதி எடுங்கள். எங்கள் இரண்டாவது பிரதி அண்ணா வீட்டு அலுமாரியில் இருக்கிறது, ஃபிளாக்காகவே.