உறைதல் என்னும் ஒரு சொல்

'உறைதல்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. நீர்மம் இறுகித் திடமாதலும் உறைதல். ஓரிடத்தில் நிலைத்துத் தங்குதலும் உறைதல். வகுப்பறையில் இதனை ஆண்டுதோறும் எடுத்துரைத்து வருகின்றோம். உருக்காலையில் பொறியாளராகப் பணியாற்றும் நம் தமக்கை மகன் தம் ஆய்வைப் பற்றிக் கூறியபோது, அவ்விரு பொருளும் ஒன்றாய் இணையக் கண்டோம்.

தொடர் வார்ப்பில் எஃகு உறையும் விதத்தை ஆராய்வதே அவர் பணி. 1500 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருகிய எஃகு, நீரால் குளிர்விக்கப்படும் செம்பு அச்சினுள் இறங்குகின்றது. அடித்தளமற்ற அவ்வச்சின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அதனைக் கடக்கும் ஒரு நிமிட அளவில், புறத்தே ஓரிரு சென்டிமீட்டர் தடிப்புள்ள ஓடு உருவாகிவிடும். உள்ளேயோ நெருப்புக் குழம்பு! ஓடு அச்சில் ஒட்டாதிருக்க, அச்சினையே மேலும் கீழும் அசைக்கின்றனர். இம்முறையை 1930-களில் வகுத்தளித்தவர் ஜெர்மானியரான சீக்ஃபிரீட் யுங்கான்ஸ்.

அச்சை நீங்கியதும் பணி முடிவதில்லை. உருளைகள் தாங்க, நீர்த்தாரைகள் குளிர்விக்க, பல மீட்டர் சென்ற பின்னரே நடுப்பகுதி இறுகும். ஓட்டின் தடிப்பு இரு மடங்காக, ஏறத்தாழ நான்கு மடங்கு காலம் வேண்டும். ஓடு போதிய வலுப்பெறுமுன் இழுத்தால், அது கிழிந்து குழம்பு வெளியே பாயும்.

"அப்படிக் கிழிந்தால் வெற்று ஓடு மிஞ்சும், மாமா. அதை அறுத்துத் தடிப்பை அளந்துதான் எங்கள் கணக்கைச் சரிபார்க்கிறோம்" என்றார் அவர். சேதத்தின் எச்சமும் அறிவுடையோர்க்குப் பாடமாகின்றது!

இதைக் கேட்டதும், இரண்டாம் ஆண்டிலேயே படிப்பைத் துறந்து, பொருளீட்டக் கடல் கடந்து செல்லும் நம் மாணவர்கள் நினைவில் எழுந்தனர். தந்தையின் கடனும் தங்கையின் திருமணமும் அவர்களைத் துரத்துகின்றன. அவர்களைக் குறைகூற நமக்கு நா எழவில்லை. எனினும், ஓடு தடிக்குமுன் அச்சினின்று இழுக்கப்பட்ட எஃகை அவர்களிடம் காண்கின்றோம். பட்டம் பெற்றுச் செல்வோரும் முழுதும் இறுகியவர் அல்லர். அவர்கட்கும் தாங்கும் உருளைகள் தேவை.

ஊர்ப் பெரியோரிடம் நாம் வேண்டுவது இதுவே: வறுமையால் படிப்பை விடவிருக்கும் பிள்ளையை இன்னும் ஓராண்டு தாங்கிப் பிடியுங்கள். கல்வி நெஞ்சில் உறைய வேண்டுமாயின், அஃது உறைவதற்குரிய காலத்தை நாம் அளித்தாக வேண்டும்.