எடுத்த காலோடு எழும்பாத அக்சிலேட்டர்

வாகனம் ஓட்டுபவர்களிடம் எதற்கு அதிகம் பயம் என்று கேட்டுப் பாருங்கள். பிரேக் பிடிக்காமல் போவதற்கு என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அதைவிடப் பொல்லாத ஒன்று இருக்கிறது. காலை எடுத்த பிறகும் அக்சிலேட்டர் எழும்பாமல் கீழேயே நின்றுவிடுவது. பிரேக் இல்லாத வாகனம் போகிற போக்கில் போகும்; அக்சிலேட்டர் இறுகிய வாகனமோ உங்களை இழுத்துக்கொண்டு ஓடும்.

இதைப் பற்றி எழுதத் தோன்றியதற்குக் காரணம் என் தங்கையின் மூத்த மகன். பழைய வேனை விற்றுவிட்டு, யப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார் ஒன்றை எடுக்கலாமா என்று குடும்பத்தில் பேச்சு நடந்தது. சின்னப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கத் தங்கைக்கு ஒரு வாகனம் வேண்டும். எல்லோருக்கும் விலைதான் கவலை. மருமகனுக்கு வேறொன்று. “மாமா, பழைய வேன்ல கம்பி இழுக்குது. அது கண்ணுக்குத் தெரியும். புதுசுல எல்லாம் கொம்பியூட்டர். அது கிறுக்குப் புடிச்சா ஆர் காணுற?” என்றான்.

நியாயமான கேள்விதான். ஆனால் கம்பி கண்ணுக்குத் தெரியும் என்பது பாதிதான் உண்மை.

பழைய வாகனங்களில் அக்சிலேட்டர் மிதியிலிருந்து எஞ்சின்வரை ஓர் உருக்குக் கேபிள் ஓடுகிறது. சைக்கிள் பிரேக் கேபிள் போலத்தான். மேலே உறை, உள்ளே முறுக்கிய மெல்லிய கம்பி இழைகள். பெட்ரோல் எஞ்சினில் அது காற்றுப் போகும் வழியிலுள்ள வட்டத் தகடு ஒன்றைத் திறக்கிறது. காலை எடுத்தால் ஒரு ஸ்பிரிங் தகட்டைத் திரும்ப மூடிவிடும். அவ்வளவுதான் விடயம். இதில் பழுதாகும் இடம் பெரும்பாலும் உறைக்கு உள்ளே இருக்கிறது. தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும், இழை ஒவ்வொன்றாக அறும். வெளியே பார்த்தால் கேபிள் புதிது போலவே இருக்கும்.

வாப்பா உயிரோடிருந்த காலத்தில் எங்களிடம் ஒரு பழைய வேன் இருந்தது. மாவனல்லையிலிருந்து கண்டிக்கு ஒரு கலியாணத்துக்குப் போகிறோம். உள்ளே பதினொரு பேர், பாதிப் பேர் பிள்ளைகள். கடுகண்ணாவை ஏற்றம் முழுக்க நானா அக்சிலேட்டரை அடிமட்டத்துக்கு மிதித்துக்கொண்டே வந்தார். டோசன் கோபுரத்தைத் தாண்டி ஏற்றம் முடிந்தது. அவர் காலை எடுத்தார், வேன் எடுக்கவில்லை. எஞ்சின் அலறுகிறது, முன்னால் ஒரு பஸ். நானா ஒரு வார்த்தை பேசவில்லை. கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்தார், பிரேக்கை ஒரே மிதியாக மிதித்து ஓரத்தில் நிறுத்தினார், அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்பினார். பின்னால் இருந்தவர்களில் பலருக்கு நடந்ததே தெரியாது. சத்தம் ஏன் என்று உம்மா கேட்டா. மறுநாள் கராஜில் பாஸ் கேபிளைக் கழற்றி இழுத்துக் காட்டினார். அறுந்த இழை ஒன்று உறைக்குள் மடிந்து, இறாட்டு முள் போல் நெம்பிக்கொண்டு நின்றது. மாற்றச் செலவான காசு அன்றைய பிரியாணிச் சட்டி ஒன்றின் விலைகூட வராது.

இனி கொம்பியூட்டர் பக்கம் வருவோம். 1980களின் இறுதியில் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் பெரிய கார்களில் வந்த முறை இது. இன்று ஏறக்குறைய எல்லாப் புதுக் கார்களிலும் இருக்கிறது. மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையே கம்பி இல்லை. மிதியில் இரண்டு சென்சர்கள் இருந்து, எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்று தனித்தனியாகக் கணினிக்குச் சொல்கின்றன. கணினி ஒரு சிறு மோட்டாரை இயக்கித் தகட்டைத் திறக்கிறது. தகட்டிலும் இரண்டு சென்சர்கள். சாட்சிகள் ஒத்துப்போகாவிட்டால் கணினி சந்தேகப்பட்டு எஞ்சினின் வேகத்தைக் குறைத்துவிடும். கார் ஊர்ந்துகொண்டு கராஜ்வரை போகும். கேபிளுக்கு இந்தப் புத்தி கிடையாது. புகை குறைவதற்கும், சில்லு வழுக்கும்போது எஞ்சினை அடக்குவதற்கும் இந்த முறை உதவுகிறது.

அப்படியானால் பயமில்லையா? அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே யோசியுங்கள். 2009 ஆகஸ்ட் 28ஆம் திகதி கலிபோர்னியாவில், சான் டியேகோ அருகே, ஒரு குடும்பம் இரவல் லெக்சஸ் கார் ஒன்றில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் நெடுஞ்சாலைப் பொலிஸ் அதிகாரி, கைதேர்ந்த சாரதி. அக்சிலேட்டர் இறுகிக்கொண்டது. பிரேக் பிடிக்கவில்லை என்று காருக்குள்ளிருந்தே அவசர உதவிக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். சில நொடிகளில் நான்கு பேரும் இறந்துபோனார்கள். விசாரணையில் தெரியவந்தது கணினிக் கோளாறு அல்ல. வேறு மொடலுக்கு உரிய தடித்த ரப்பர் மெட் ஒன்று அந்தக் காரில் போடப்பட்டிருந்தது. அதன் விளிம்பில் மிதி சிக்கியிருந்தது. சில நாட்களுக்கு முன் அதே காரை ஓட்டிய ஒருவருக்கும் மெட் சிக்கி, அவர் தப்பித்து வந்து முறையிட்டுமிருக்கிறார்.

அந்தக் காரில் சாவி இல்லை, பொத்தான்தான். ஓடும்போது எஞ்சினை நிறுத்துவதானால் அதை மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பதறிய கை எங்கே மூன்று விநாடி பொறுக்கும்?

அடுத்து வந்ததுதான் எனக்கு வேடிக்கையாகப் பட்டது. 2010 ஜனவரியில் டொயோட்டா சுமார் 23 இலட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது, மிதி இறுகுகிறது என்று. ஏன் இறுகியது தெரியுமா? கம்பியில்லாத மிதி காலுக்கு மிகவும் இலேசாக இருக்கும். ஓட்டுபவருக்குப் பழைய கேபிளின் இழுவை வேண்டும் என்பதற்காக மிதிக்குள் ஓர் உராய்வுத் துண்டை வைத்திருந்தார்கள். அது தேய்ந்து, ஈரம் படிந்து ஒட்டிக்கொண்டது. கேபிளைப் போல நடிக்கப் போய்க் கேபிளின் வியாதியையும் வாங்கிக்கொண்டது!

மருமகன் பயந்தது போல் கணினியே குற்றவாளியா என்றும் பார்த்தார்கள். நாசா விஞ்ஞானிகள் மாதக்கணக்காக ஆராய்ந்தார்கள். பெரிய வேகத்தை உண்டாக்கும் மின்னணுக் கோளாறு எதையும் காணவில்லை என்று 2011 பெப்ரவரியில் அறிக்கை வந்தது. ஆனால் 2013இல் ஒக்லஹோமா நீதிமன்றம் ஒன்றில், 2005ஆம் ஆண்டுக் கெம்ரி கார் ஒன்றின் விபத்து வழக்கில், கணினி நிரலில் குறைகள் உண்டு என்று நிபுணர் சாட்சி சொல்ல, ஜூரிமார் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். 2014இல், பாதுகாப்பு விடயத்தில் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தியதற்காக டொயோட்டா 1,200 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியது. ஆகவே கணினியில் கோளாறே வராது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மெட்டும் மிதியும் கொன்றது நிச்சயம். மற்றதில் வாதம் உண்டு.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, சொன்னால் பலருக்குக் கோபம் வரும். பிரேக் என்று நினைத்து அக்சிலேட்டரை மிதிப்பது. 1980களில் அமெரிக்காவில் அவுடி கார்கள் தாமாகப் பாய்கின்றன என்று பெரும் புகார் எழுந்தது. 1989இல் வந்த அரசாங்க ஆய்வு, அநேகமானவை கால் மாறி மிதித்தவைதான் என்றது. இப்போது ஒட்டோ கியர் கார்களில் பிரேக்கை மிதிக்காமல் ‘பார்க்’கிலிருந்து கியரை எடுக்க முடியாதல்லவா? அந்தப் பூட்டு பரவியது இந்தப் பிரச்சினைக்குப் பிறகுதான்.

என் முடிவு இதுதான்: துருப்பிடித்த பழைய கேபிளைவிட, இரண்டு சாட்சி வைத்துக்கொள்ளும் கணினியை நம்பிப் பிள்ளைகளை ஏற்றுவேன். மருமகனிடமும் அப்படியே சொன்னேன். ஆனால் எந்த வாகனமானாலும் நானா அன்று செய்த வரிசை தங்கைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றேன். முதலில் நியூட்ரல். எஞ்சின் அலறினால் அலறட்டும், எஞ்சின் போனால் வாங்கலாம். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. எஞ்சின் முழு வேகத்தில் இருக்கும்போது பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் புதிதாக உண்டாகாது. இரண்டு மூன்று தரம் விட்டு மிதித்தால் இருந்ததும் தீர்ந்து மிதி கல்லாகிவிடும். ஒரே மிதி, பலமாக, விடாமல். ஓடும் வாகனத்தில் சாவியைக் கடைசிவரை திருப்பி உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், அதையும் மறக்க வேண்டாம். பிரேக்கும் அக்சிலேட்டரும் ஒன்றாக மிதிபட்டால் பிரேக்குக்கே செவிசாய்க்கும் ஏற்பாடு பிந்திய மொடல்களில் வந்திருக்கிறது. உங்கள் காரில் இருக்கிறது என்று கேட்டறியாமல் நம்பிவிடாதீர்கள்.

பக்கத்து ஆசனத்தில் இருக்கும் சகோதரிகளுக்கும் இது உரியது. ஒட்டோ கியர் பிடியை ‘டி’யிலிருந்து ‘என்’னுக்குத் தள்ள அநேக கார்களில் பொத்தான் அழுத்தத் தேவையில்லை, உங்கள் கைக்கே எட்டும். சில ஹைபிரிட் கார்களில் ‘என்’ பக்கம் தள்ளி ஒரு கணம் பிடித்திருக்க வேண்டும். ஆளில்லாத மைதானத்தில் மெதுவாக ஓடவிட்டு ஒரு நாள் பழகிப் பாருங்கள்.

தங்கை பழகினாள். கார் வந்த அன்றைக்கே, விற்றவர் அன்பளிப்பாக யப்பான் மெட்டின் மேல் விரித்துக் கொடுத்த புது ரப்பர் மெட்டையும் உருவி எடுத்துவிட்டாள். அது இப்போது அவளுடைய குசினி வாசலில் கிடக்கிறது.