வந்துருச்சு

சந்தோஷத்தைப் பற்றி எழுதுவது நம் சிறு பத்திரிகைகளில் கொஞ்சம் கூச்சத்துக்குரிய காரியமாகவே இருந்துவந்திருக்கிறது. துக்கத்துக்கு நம்மிடம் ஒரு முழு அகராதி இருக்கிறது. வெறுமை, தனிமை, அந்நியமாதல், இருண்மை. இவற்றில் பாதி மொழிபெயர்ப்புகள் வழியே வந்து சேர்ந்தவை. மீதியை நாமே பாடுபட்டுச் சம்பாதித்தோம். சந்தோஷத்தை வாரப் பத்திரிகைக்காரர்களிடம் விட்டுவிட்டோம். அவர்கள் அதை மாக்கோலம், டிகிரி காபி, முதல் மழை என்று ஜாபிதா போட்டு தீபாவளி மலரில் ஜோக்குகளுக்கு நடுவே வைத்திருக்கிறார்கள். ஜாபிதாவில் ஏறியவுடன் அது செத்துவிடுகிறது என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. கு. அழகிரிசாமி மாதிரி ஓரிருவரை விட்டால், வறுமையை மறைக்காமலேயே ஒரு குழந்தையின் குதூகலத்தை எழுத முடிந்தவர்கள் நம்மிடம் அதிகம் இல்லை. 'ராஜா வந்திருக்கிறார்' கதையை ஏழ்மை பற்றிய கதை என்று மட்டும் பாடம் நடத்துகிறவர்கள் அதில் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நான் சொல்ல வந்தது மிகச் சிறிய விஷயம். போன கரண்ட் திரும்பி வரும்போது தெரு போடும் சத்தத்தைப் பற்றி.

2008 தொடங்கிச் சில வருஷங்கள் தமிழ்நாட்டில் மின்வெட்டு வெயில், மழை மாதிரி ஒன்றாகிவிட்டிருந்தது. 2012 அதன் உச்சம். சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்று கணக்கு. மற்ற ஜில்லாக்களில் பல இடங்களில் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இருக்காது. அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் கும்பகோணத்தில் எங்கள் தெருவில் ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. ராத்திரியும் அப்படித்தான். ஏழு மணிக்குப் போகும். ஜனங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். திண்ணை வைத்த வீடுகள் இரண்டோ மூன்றோதான் மிச்சம். மற்றவர்கள் படியில், பிளாஸ்டிக் நாற்காலியில், நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் மேல். பனை விசிறி, நோட்டு அட்டை, மடித்த செய்தித்தாள் என்று கைக்குக் கிடைத்ததால் விசிறிக்கொண்டிருப்பார்கள். முகம் தெரியாது. குரலை வைத்து இன்னார் என்று கண்டுகொள்ள வேண்டும். பேச்சு பெரும்பாலும் கரண்ட்டைப் பற்றித்தான்.

எட்டு மணிக்குச் சில நிமிஷங்கள் இருக்கும்போது காவிரிக்கு அக்கரையில் ஒரு கத்தல் கேட்கும். அங்கே வந்துவிட்டது. அது வேறு பீடர். நமக்கு இன்னும் இல்லை. அதற்குப் பிறகு இங்கே யாரும் பேசமாட்டார்கள். விசிறிகூட நின்றுவிடும். பிறகு வரும். வெளிச்சம் ஒரே சீராக வருவதில்லை. குண்டு பல்பு முதலில், பழைய டியூப்லைட்டுகள் இரண்டு மூன்று தடவை கண் சிமிட்டிவிட்டு. எங்கோ விட்ட இடத்திலிருந்து ஒரு டி.வி. அலறும். இதற்கெல்லாம் முன்பே, கண்ணுக்கும் மூளைக்கும் நடுவில் எங்கோ, அந்தச் சத்தம் கிளம்பிவிட்டிருக்கும். குழந்தைகள் தொண்டை கிழிய 'ஏய்ய்ய்' என்பார்கள். பெரியவர்கள், குழந்தைகளின் சத்தத்துக்குள் தங்கள் சத்தத்தை ஒளித்துக்கொண்டு, 'வந்துருச்சு' என்பார்கள். வங்கியில் அதிகாரியாயிருந்த ஒருவர், எதற்கும் வாய் திறக்காதவர், அவரும் சொல்வார். சொல்லிவிட்டுக் கனைத்துக்கொள்வார்.

சில நாள் வந்த வேகத்தில் போய்விடும். இதற்கு ஒரு காரணம் உண்டு. அணைந்து கிடந்த பிரிட்ஜும் மோட்டாரும் பேனும் ஒரே க்ஷணத்தில் இழுக்க ஆரம்பிக்கின்றன. வழக்கமான சுமையைவிட அப்போது அதிகம். தாங்காமல் மறுபடி விழுகிறது. தெருவின் சத்தம் பாதியில் அறுந்து 'ச்சே' என்று முடியும். அந்த 'ச்சே'யிலும் ஒரு சிரிப்பு இருக்கும். ஏமாந்தது நான் மட்டுமில்லை என்ற சிரிப்பு.

ஷோபன்ஹவர் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். இன்பம் என்று தனியாக ஒன்று கிடையாது, அது வலி நின்றுபோவதன் பெயர் மட்டுமே என்பது அவர் கட்சி. அவருக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே, சாகப்போகும் அன்று காலை ஸோக்ரடீஸ், விலங்கு கழற்றப்பட்ட காலைத் தேய்த்துக்கொண்டே கிட்டத்தட்ட இதையே பேசுவதாக ப்ளேட்டோ எழுதியிருக்கிறார். ஆனால் ப்ளேட்டோ எழுதியதில் நம்மவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஸோக்ரடீஸ் காலைத் தேய்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சுற்றி உட்கார்ந்திருப்பவர்களிடம் அதைச் சொல்கிறார். எவ்வளவு வினோதம் பாருங்கள் என்று.

ஷோபன்ஹவர் சொல்வது சரியென்றால் கரண்ட் வந்ததும் நாங்கள் ஏழு மணிக்கு முன்பிருந்த நிலைமைக்குத் திரும்பியிருக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. கழித்ததைக் கூட்டினால் பூஜ்யம். ஆறே முக்காலுக்கு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, பேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, யாரும் கத்தவில்லை. எட்டு மணிக்கு அதே விளக்கு, அதே பேன். கணக்கில் வராத ஒன்று அந்தச் சத்தத்தில் உபரியாக இருக்கிறது.

அந்த உபரி எங்கிருந்து வருகிறது என்று பல ராத்திரிகள் யோசித்திருக்கிறேன். யோசிப்பதற்கு நேரமும் இருட்டும் தாராளமாக இருந்தன. எனக்குப் பட்டது இது. 'வந்துருச்சு' என்ற சொல்லில் தகவல் எதுவும் கிடையாது. கண் இருக்கிற எல்லோருக்கும் வந்தது தெரியும். தெரிந்தவர்களிடம் தெரிந்ததைச் சொல்கிறோம். பயனற்ற வாக்கியம். தந்தியில் இதற்குக் காசு கொடுத்திருக்கமாட்டோம். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லும்போதுதான் அது வந்ததாக ஆகிறது. சத்தம் போடுகிறவன் வெளிச்சத்தைப் பார்த்துப் போடுவதாகத் தோன்றும். உண்மையில் பக்கத்து வாசலைப் பார்த்துத்தான் போடுகிறான். கவிதை எங்கே ஆரம்பிக்கிறது என்று நாம் முப்பது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். படிமமா, தொனியா என்று. எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்லியே தீரவேண்டும் என்ற இந்தத் தவிப்பில் ஆரம்பிக்கிறது என்று யாரும் ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. ஒருவேளை அது மிகவும் சாதாரணமாக இருப்பதால் இருக்கலாம்.

இதை நான் வெறும் யோசனையாகச் சொல்லவில்லை. அப்பாவுக்கு 2010இல் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. முழுக்கப் போகவில்லை; 'அது... அது...' என்று ஒரு சொல் மிஞ்சியது. தண்ணீருக்கும் அது, வலிக்கும் அது, என்னைக் கூப்பிடுவதற்கும் அது. முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் நடத்தியவர். நாங்கள் சொல்வது அவருக்குப் புரியும் என்பது அவர் கண்ணில் தெரியும். அதுதான் கொடுமை. நினைத்தது வேறு சொல்லாகக்கூட வருவதில்லை. தன் வாயைத் தானே அருவருப்புடன் பார்க்கிற மாதிரி ஒரு முகபாவம் அவருக்கு வந்துவிட்டிருந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு முயற்சி செய்வதை நிறுத்திவிட்டார்.

2012இல், ராத்திரிகளில் புழுக்கம் தாளாமல் அவரை நாற்காலியோடு தூக்கி வாசல் நடையில் வைப்போம். ஒருநாள் கரண்ட் வந்தது, தெரு கத்தியது, என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், 'ஏய்' என்றது. கனமான, வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரை எட்டுகிற குரல். இரண்டு வருஷமாகக் கேட்காத குரல். அம்மா உள்ளேயிருந்து, "யாரு தம்பி, யாரு வந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் திகைத்து நின்றதுதான் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது போலிருக்கிறது.

வைத்தியத்தில் இது அதிசயமில்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஹ்யூலிங்ஸ் ஜாக்ஸன் என்ற ஆங்கில நரம்பியல் வைத்தியர், பேச்சில் இரண்டு வகை உண்டு என்று எழுதியிருக்கிறார். யோசித்துக் கட்டிச் சொல்வது ஒன்று. வசவு, பிரார்த்தனை, ஆச்சரியம் என்று தானாகப் புறப்படுவது இன்னொன்று. முதலாவது அழிந்த பிறகும் இரண்டாவது மிஞ்சலாம். நம் வட்டத்துக்கு நன்றாகத் தெரிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. 1866இல் பெல்ஜியத்தில் வியாதி அடித்துப் போட்டபோது போதலேருக்கு மிஞ்சியது 'க்ரே நோம்' என்ற ஒரு வசவு மட்டும்தான். பிரெஞ்சு மொழியில் அவ்வளவு செய்தவன் மறு வருஷம் சாகும்வரை தன் கோபத்தையும் சந்தோஷத்தையும் அந்த ஒன்றில்தான் போட்டு அனுப்ப வேண்டியிருந்தது. இதை எழுதுகிறவர்கள் எல்லாம் பாவம் என்றே எழுதுகிறார்கள். சந்தோஷத்தையும் அனுப்ப முடிந்தது என்பதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஜாக்ஸனின் விளக்கம் எனக்குப் போதவில்லை. மூளையில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை அது சொல்கிறது. ஏன் அந்தச் சத்தத்துக்கு மட்டும் வந்தது என்பதைச் சொல்வதில்லை. பாட்டுப் போட்டுப் பார்த்தோம், கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம், பேரனை மடியில் வைத்தோம். வாய் திறக்கவில்லை. ஒவ்வொன்றிலும் நாங்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கு அது பரீட்சை. தெருவின் கத்தலில் அவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. எல்லோர் கையிலும் ஒரே ஒரு சொல்தான் இருந்தது, அதுவும் அர்த்தமில்லாத சொல். அந்த இரண்டு மூன்று விநாடிகளுக்குத் தெரு முழுவதும் அவர் நிலைமையில் இருந்தது என்றுகூடச் சொல்லலாம். அதற்குப் பிறகு அநேகமாக ஒவ்வொரு ராத்திரியும் கத்தினார். சில சமயம் குழந்தைகளுக்கு முந்திக்கொண்டு.

அந்த மார்கழியில் இன்வெர்ட்டர் வாங்கினோம். அவருக்குப் படுக்கைப் புண் வர ஆரம்பித்திருந்தது. காற்றுப் படுக்கைக்கு ஓயாமல் கரண்ட் வேண்டும். வேறு யோசனைக்கே இடமில்லை. ஆளுயரப் பாதிக்கு ஒரு பேட்டரி, மாதா மாதம் அதற்கு டிஸ்டில்டு வாட்டர். கரண்ட் போனால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேன் ஒரு சுற்றுக்கூடத் தயங்குவதில்லை. போவதும் வருவதும் எங்கள் வீட்டுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் ராத்திரி ஏழு மணிக்கு இன்வெர்ட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, "என்னங்க, வாசலுக்குப் போலாமா" என்று அப்பாவைக் கேட்டாள். அந்த ஒரு மணி நேரம் மட்டும். அப்பா போகும்வரை, 2014 ஆடி வரை, அந்த வழக்கம் இருந்தது. கடைசி சில மாதங்களில் ஏழு மணி வெட்டு குறைந்துபோய், உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு இருவரும் உள்ளே வந்த நாட்கள் உண்டு.

கவிதை எழுதுகிற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, நீங்கள் பற்றாக்குறையைப் பூஜை செய்கிறீர்கள், இருட்டில் உட்காரவைத்துவிட்டு அதன் அழகைப் பாடுவது அதிகாரத்துக்குச் சௌகரியமான காரியம் என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த வருஷங்களில் எங்கள் ஊரைச் சுற்றிப் பாத்திரப் பட்டறைக்காரர்கள் பட்ட பாடும், கோவை, திருப்பூர்ப் பக்கம் தறிகள் நின்றதும் எனக்குத் தெரியும். மின்வெட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தெருவைப் பற்றியும் கனவு காண்பதற்கில்லை. ஒரு டிரான்ஸ்பார்மரின் கீழ் எத்தனை பேரோ அத்தனை பேரின் சத்தம் அது. யாரும் யாரையும் தேர்ந்தெடுத்துச் சேர்ந்தவர்களில்லை என்றாலும், எந்தத் தெருவில் யார் குடியிருக்க முடியும் என்பது கம்பி இழுப்பதற்கு வெகுகாலம் முன்பே முடிவாகிவிட்டிருந்தது. ஆனால் சந்தோஷம் என்பது நியாயமான இடத்தில்தான் முளைக்க வேண்டும் என்று நண்பர் எதிர்பார்க்கிறார். எனக்கு அந்த எதிர்பார்ப்பு இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையேறியது. கடலோர ஜில்லாக்களில் லட்சத்துக்கு மேல் கம்பங்கள் விழுந்தன. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே அம்மாவின் பிறந்த ஊரில் மூன்று வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. தென்னை எல்லாம் தலை திருகி விழுந்து கிடந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மாமா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். தோப்புப் பக்கம் போகவில்லை. கம்பம் நடுவதற்கு வெளி ஜில்லாக்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆட்கள் வந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். நாங்கள் போன மறுநாள் இணைப்புக் கொடுத்தார்கள். கொடுத்தது பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு. வெளிச்சம் கண்ணில் படவில்லை, யாரும் கத்தவில்லை. எந்த வீட்டிலும் எந்த சுவிட்ச் போட்டிருந்தது என்பதே மறந்துபோயிருந்தது. கம்பத்தின் மேல் இருந்த மலையாளி ஊழியர் கீழே பார்த்தார். ஒரு சத்தமும் இல்லாததால் வரவில்லையோ என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "வந்நோ?" என்று கேட்டார்.

அம்மா உள்ளே போய்க் கூடத்துப் பேனைப் பார்த்தாள். மூன்று வாரத் தூசியை உதறிக்கொண்டு அது மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வந்து, எழுபத்தியிரண்டு வயசில், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நிமிர்ந்து அவரைப் பார்த்து, "ஏய், வந்துருச்சு" என்று கத்தினாள். மாமா சிரித்துவிட்டார். நாலைந்து வீடு தள்ளி யாரோ ஒரு பெண் அதை வாங்கி அடுத்த தெருவுக்கு அனுப்பினாள்.