எர்ரர் 126-ம் எங்க மாமா லாட்ஜும்

2018 ஜூலை, ஒரு சனிக்கிழமை. குற்றாலத்துல சீசன் களை கட்டியிருக்கு. எங்க மாமா லாட்ஜ் வாசல்ல ஈரத்துண்டும் அழுற குழந்தைங்களுமா ஏழு குடும்பம் நிக்குது. யாருக்கு எந்த ரூம்னு சொல்ல வேண்டிய கம்ப்யூட்டரோ, 'எர்ரர் 126. கீ ஃபைல் சரியில்லை, ரிப்பேர் செய்து பார்'னு அடம் பிடிக்குது.

அந்த சாஃப்ட்வேரை எழுதின அறிவாளி சாட்சாத் அடியேன்தான்! பி.சி.ஏ. மூணாம் வருஷ மிதப்பு. மூணு வருஷ நோட்டை லீவு முழுக்க உட்கார்ந்து மை எஸ்க்யூஎல்-ல ஏத்தி, "இனிமே நோட்டே வேண்டாம் மாமா"ன்னு சொல்லியிருந்தேன். கணக்கு எழுதுற அண்ணாச்சி மெதுவா வந்து, "தம்பி, நம்ம நோட்டு ஒருநாளும் ரிப்பேர் ஆனதில்ல பாத்துக்கிடுங்க"ன்னார். சுருக்குன்னு இருந்துச்சு.

ரிப்பேர் கட்டளை கொடுத்தேன். இந்த வகை டேபிளுக்கு அது கிடையாதுன்னு பதில். டிஸ்க் நிறைஞ்சிருக்குமோன்னு பார்த்தா, ஏகப்பட்ட ஜிபி காலி. கை நடுங்க ஆரம்பிச்சுது. டேட்டாபேஸ் ஃபோல்டர்லயே பெரிசா 'ஐபிடேட்டா1'னு ஒரு ஃபைல். இதை அழிச்சுட்டு ஆரம்பிச்சா என்னன்னு தென்காசியில இருக்கிற ஃப்ரெண்டுக்கு போன் போட்டேன்.

"ஏல கூறுகெட்டவனே! அதுதாம்ல உங்க மாமா லாட்ஜே! பழைய 5.5 வெர்ஷன்ல எல்லா டேபிளும் அதுக்குள்ளதான் கிடக்கும். தொட்டுராத. எர்ரரை முழுசா வாசி."

வாசிச்சேன். ஃபைல் பேருக்கு முன்னாடி 'டெம்ப்'னு இருந்துச்சு.

"பழுதானது உன் டேபிள் இல்லடே. வேலை நடக்கும்போது அது தற்காலிகமா போட்ட டேபிள். டெம்ப்புக்கு எவ்வளவு இடம் விட்ட?"

லினக்ஸ் போடும்போது பெருந்தன்மையா 1 ஜிபி ஒதுக்கியிருந்தேன்.

மெயின் அருவியில பாதி உயரத்துல பொங்குமாங்கடல்னு ஒரு பள்ளம் இருக்குல்ல? மேலேருந்து வர்ற தண்ணி அதுல விழுந்து, வேகம் குறைஞ்சு, பொங்கி வழியிறதாலதான் நாம கீழ நின்னு குளிக்க முடியுது. டெம்ப்பும் அப்படித்தான். வரிசைப்படுத்த வேண்டிய விவரம் மெமரியில 16 எம்பிக்கு மேல போனா, அங்கேதான் போய் விழும்.

இன்னொரு ஜன்னல்ல டெம்ப் இடத்தைப் பார்த்துக்கிட்டே ரூம் லிஸ்ட்டை ஓட்டினேன். 3 சதவீதம், 40, 90, 100... எர்ரர்! மறுநொடி திரும்ப 3. தோத்த உடனே அந்த ஃபைலை அதுவே அழிச்சுடுது. நான் போய்ப் பார்க்கிறப்ப எல்லாம் காலியா இருந்த மர்மம் அப்பத்தான் புரிஞ்சுது.

சரி, ஒரு லாட்ஜ் கணக்கு எப்படி 1 ஜிபியை முழுங்கும்? முந்தின நாள் ராத்திரி, வர்றவங்க பழைய வாடிக்கையாளரான்னு காட்ட ஒரு வசதி சேர்த்திருந்தேன். ரெண்டு டேபிளையும் இணைக்கிற நிபந்தனை ஒரு வரி... அதை எழுதவே இல்லை. 12 ஆயிரம் புக்கிங், 10 ஆயிரம் வாடிக்கையாளர். ஒவ்வொண்ணும் எல்லாத்தோடயும் சேர்ந்து 12 கோடி வரிசை! அண்ணாச்சி நோட்டா இருந்தா, இப்படி எழுதச் சொன்னவனை ஓங்கி அறைஞ்சிருக்கும்.

அந்த வரியைச் சேர்த்ததும் லிஸ்ட் பொசுக்குன்னு வந்துச்சு. அதுக்குள்ள அண்ணாச்சி பழைய நோட்டைத் தூசி தட்டி ஏழு குடும்பத்துக்கும் சாவி கொடுத்து அனுப்பியிருந்தார்.

சாயங்காலம் மாமா, "போய்க் குளிச்சிட்டு வா மருமகனே, மூஞ்சியே சரியில்ல"ன்னார். துண்டோட போனேன். ஆர்ச்சைத் தாண்டி வெள்ளம். போலீஸ் விசில். குளிக்கத் தடை!