குன்னூர் எலிகள் சொன்ன கணக்கு

குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் என்றாலே எல்லோருக்கும் நாய்க்கடி ஊசிதான் ஞாபகம் வரும். ஆனால் 1918-ல் அங்கே சிறிய அளவில் தொடங்கிய உணவு ஆராய்ச்சிதான், பின்னாளில் ஹைதராபாத் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. தொடங்கியவர் டாக்டர் ராபர்ட் மெக்காரிசன்.

1920-களில் அவர் எலிகளுக்கு விதவிதமான சாப்பாடு போட்டுப் பார்த்தார். ஒரு கூட்டத்துக்கு சீக்கியர் சாப்பாடு: கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி. இன்னொன்றுக்கு நம் மதராஸ் சாப்பாடு: சோறுதான் பிரதானம், பாலும் காயும் பேருக்குத்தான். இப்படி ஏழு கூட்டம், கூட்டத்துக்கு 20 எலிகள். கடைசியில் எடை போட்டால் சீக்கியச் சாப்பாட்டு எலிகளின் சராசரி 235 கிராம். பட்டாணியர் சாப்பாட்டுக்கு 230. நமக்கு 155! படித்தபோது கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது.

80 கிராம் வித்தியாசம் தற்செயலாக வராது. அதைக் காட்ட 20 எலிகளே போதும். ஆனால் 235-க்கும் 230-க்கும்? வேறு 20 எலிகளை எடுத்திருந்தால் அந்த 5 கிராம் தலைகீழாகக்கூட மாறியிருக்கலாம். ‘சீக்கியச் சாப்பாடுதான் உசத்தி’ என்றும் சொல்ல முடியாது, ‘இரண்டும் ஒன்றுதான்’ என்றும் சொல்ல முடியாது. இருக்கிற வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடும் வாய்ப்பைத்தான் ஆய்வின் ‘திறன்’ என்கிறார்கள். வித்தியாசம் சின்னதென்றால் கூட்டம் பெரிதாக வேண்டும்.

செங்கல்பட்டில் 1968-ல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்தது அதனால்தான். ஆயிரம் பேரில் ஒரு சிலருக்கே வரும் நோயை இருநூறு பேரிடம் தேடி என்ன பயன்? பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. அத்தனை பேரைப் பார்த்ததால்தான் உலகம் அந்த ‘இல்லை’யை மதித்தது. (கைக்குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் காசநோயைத் தடுக்க அதே ஊசி இன்றும் போடப்படுகிறது. அதைத் தவறவிடாதீர்கள்.)

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்தால், உடம்புக்கு எந்தப் பயனும் தராத துளி வித்தியாசம்கூடப் ‘புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது’ என்று வந்துவிடும். அந்த முத்திரைக்கு அர்த்தம், உண்மையில் வித்தியாசமே இல்லாதபோது தற்செயலாக மட்டும் இவ்வளவு வருவது அபூர்வம், வழக்கமான கணக்கில் 100-க்கு 5 தடவைக்கும் குறைவு என்பதுதான். பெரிய பலன் என்று அர்த்தமில்லை.

போன வாரம் எங்கள் எஸ்டேட் லைனில் ஓர் அக்கா போனை நீட்டினார். ‘கிரீன் டீ சர்க்கரையை விரட்டும், ஆய்வில் நிரூபணம்’ என்று வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. “மாத்திரையை நிறுத்திடவா தம்பி?”

எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், குடிக்காதவர்களைவிட எவ்வளவு குறைந்தது என்று தேடினோம். ஒன்றுமே இல்லை.

“அப்போ டீயும் குடிக்கிறேன், மாத்திரையும் போடறேன். செவ்வாய்க்கிழமை டாக்டரைக் கேட்டுக்கறேன்” என்றபடி கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.