வாசல் மணல்

கிண்ணியாவில் கடந்த பதினைந்து வருடங்களில் எது அதிகம் மாறியது என்று கேட்டால், வாசல் என்றுதான் நான் சொல்வேன். பாடசாலைகள் மாடியாகின, கடைத்தெரு நீண்டது. அவை எல்லோர் கண்ணிலும் படுகிற மாற்றங்கள். வாசல் மாறியதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. கிடுகு வேலி போய் மதில் வந்தது. கடப்புப் போய்க் கேற் வந்தது. மூன்றடிக் கேற் பிறகு பத்தடிக் கேற்றாக அகன்றது. உள்ளே வெள்ளை மணல் கிடந்த இடத்தில் இப்போது கொங்கிறீற் அல்லது இன்டர்லொக் கல்.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம். சவூதி அரேபியாவின் நிதியுதவியோடு கட்டப்பட்ட அது, திறந்த அன்று இலங்கையின் மிக நீளமான பாலம். அதற்கு முன் எங்களுக்கு இருந்தது 'பாதை'. தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பேச்சில் பாதை என்பது வீதியல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு துறையைக் கடக்கிற மிதவை. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் நான் பயிற்சி பெற்ற காலத்தில், லீவுக்கு வந்துபோகும்போது துறையடியில் காத்திருந்த நேரத்தைச் சேர்த்தால் ஒரு தவணைப் பாடத்தை நடத்தி முடிக்கலாம். 2011இல் மூதூர் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் வீதியின் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. பாலம் ஆடம்பரமல்ல. 2021 நவம்பர் 23இல் குறிஞ்சாக்கேணியில் மிதவை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் உயிரிழந்ததைப் பார்த்த ஊர் இது. அங்கே பாலவேலை நடந்துகொண்டிருந்ததால்தான் பிள்ளைகள் அந்த மிதவையில் ஏறினார்கள்.

பாலம் வந்தது, கார் வந்தது. எங்கள் தெருக்கள் ஒடுக்கமானவை. ஒரு காரை ஓரமாக விட்டால் அடுத்த வீட்டு ஓட்டோவுக்கு வழியில்லை. ஆகவே கார் உள்ளே வரவேண்டும். உள்ளே என்றால் முன்வாசல்தான்.

எங்கள் வீட்டு வாசல் என்று நான் எழுதினாலும் அது என் வாசலல்ல. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அங்கே போய் இருக்கவேண்டியவன். இந்த வளவு என் மாமியின் உம்மாவுக்கு இருந்தது, பிறகு மாமிக்கு, பிறகு என் மனைவிக்கு. நாளைக்கு எங்கள் மூத்த மகளுக்கு. பரம்பரையாக வந்த வாசலைத் தோண்டுவதா விடுவதா என்ற கேள்வி, வீட்டில் எழுத்தில் உரிமையில்லாத ஒரே ஆளான என்னிடம் வந்து நின்றது.

2022இல் மாமிக்குப் பாரிசவாதம் வந்து வலது காலும் கையும் விழுந்துபோயின. பேச்சும் பாதி போய்ப் பிறகு மெல்லத் திரும்பியது. பயிற்சிக்காக வாரத்தில் இரண்டு நாள் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். சீனக்குடா வழியாக இருபது கிலோமீற்றரளவு. அது நாடு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம். கியூஆர் அட்டை முறை வந்தபோது ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர், காருக்கு 20. எங்களை இரண்டு தடவை கொண்டுபோய்க் கொண்டுவந்தால் ஓட்டோக்காரத் தம்பியின் வாரம் அத்தோடு முடிந்தது. அப்படியும் அவர் வந்தார். ஆனால் விழுந்த காலோடு ஓட்டோவில் ஏற்றுவது ஏற்றுகிறவனுக்கும் வேதனை, ஏறுகிறவருக்கும் வேதனை. காரின் முன் ஆசனம் சக்கரநாற்காலியின் உயரத்துக்குச் சரியாக இருக்கிறது. பக்கவாட்டில் நகர்த்தினால் போதும். இதைக் கண்டபிறகு கடன் எடுத்து 2023இல் ஒரு பழைய மாருதி ஆல்ட்டோ வாங்கினோம். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டிருந்த காலம். பழையதன் விலையை இங்கே எழுதினால் நம்பமாட்டீர்கள்.

காருக்காக மட்டுமல்ல, சக்கரநாற்காலிக்காகவும் வாசலை மாற்றவேண்டியிருந்தது. மணலில் நாற்காலியின் முன்சில்லுப் புதைந்துவிடும். பெருநாள் தோறும் புதுமணல் கொட்டிப் பரப்பி அழகுபார்த்த அதே வாசல், அதைப் பரப்பியவரையே வெளியே விடவில்லை.

வாசல் இருபது அடிக்கு இருபத்திரண்டு. இடப்பக்கம் கிணறும் வேம்பும். வலப்பக்கம் மாதுளை. கேற்றுக்கு நேரே ஒரு பெரிய மருதோண்டிச் செடி. நோன்பின் கடைசி நாட்களில் தெருவிலுள்ள குமருகள் எல்லாம் அதைத் தேடி வருவார்கள். மாமி குந்தியிருந்து இலை உருவிக் கொடுப்பார். கார் உள்ளே திரும்ப வேண்டுமென்றால் அது போகவேண்டும். அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் முழுவாசலையும் கொங்கிறீற் போடச் சொன்னார்கள். கூட்டுவது லேசு, சேறில்லை, நாளைக்கு மகளின் கல்யாணத்துக்குக் கதிரை போடலாம் என்றார்கள். மகளைக் கேட்டு வருகிறவர்கள் இப்போதெல்லாம் கார் விட இடமிருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்றும் ஒருவர் சொன்னார். அது பொய்யல்ல.

என் மனம் கிணற்றில் நின்றது. கடலோர மணலூர்களில் கிணற்றுத் தண்ணீர் என்பது மழைத்தண்ணீர்தான். மணலுக்குக் கீழே உப்புத்தண்ணீர் கிடக்கிறது. மழையில் ஊறிய நன்னீர் பாரம் குறைந்ததால் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே நாற்பது அடியளவு நன்னீர் உப்பை அமுக்கிக்கொண்டு நிற்கும் என்பது விஞ்ஞானக் கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போனபின் எங்கள் கிணறு வாயில் வைக்க முடியாததாயிற்று. இறைத்தால் சரியாகும் என்று இறைத்துப் பார்த்தவர்களின் கிணறுகளில் கீழிருந்த உப்பும் மேலே வந்தது. கடைசியில் கிணற்றைச் சரியாக்கியது இயந்திரமல்ல. இரண்டு மாரி மழை. வாசல் மணல் வழியாக இறங்கிய மழை.

வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும் கணக்கை நான் வாசலுக்குப் போட்டேன். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். வாசல் நாற்பது சதுர மீற்றர். திருகோணமலையில் நவம்பர் மாதத்தில் மட்டும் சராசரி 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. ஆக 12,000 லீற்றர். கூரைமேல் வைக்கிற ஆயிரம் லீற்றர்த் தாங்கி பன்னிரண்டு. முழுக்க மூடினால் இத்தனையும் கிணற்றுக்குப் போகாமல் கேற்றுக்கு வெளியே, பள்ளமான அடுத்த வீட்டு வாசலுக்குப் போகும். அண்டை வீட்டாரின் உரிமை பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அந்த உரிமை தண்ணீரிலும் இருக்கிறது.

ஆகவே காரின் சில்லுகள் ஓட இரண்டு அடி அகலத்தில் பதினாறு அடி நீளமாக இரண்டு பட்டி. படியிலிருந்து கார்க்கதவு வரைக்கும் சக்கரநாற்காலிக்கு நாலடி அகலத்தில் பதினாலு அடிச் சரிவுப் பாதை. மொத்தம் 120 சதுர அடி. 440இல் மிச்சம் 320, ஏறத்தாழ முக்கால் பங்கு, மணலாகவே இருக்கும்.

மேசன் சிரித்தார். "சேர், முழுக்கப் போட்டா ஒருநாள் வேலை. இப்புடிக் கோடு கோடாப் போட்டா ஊர் சிரிக்கும்."

மாமி என்னோடு நேரே பேசுகிற வழக்கம் இல்லை. திண்ணையில் நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் மனைவியைக் கூப்பிட்டார். வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"மருமகனுக்குச் செல்லு மகள். மருதோண்டிய வெட்டட்டும். இப்ப ஆரு அத அரைக்கிற? கடையில கோன் விக்கிது. கிணத்தடி மணலத் தொட வேணாம்."

நாங்கள் மூன்று கிழமை வாய் திறக்காமல் சுமந்ததை அவர் ஒரு நிமிடத்தில் இறக்கிவைத்தார். நட்டவருக்கு வெட்டச் சொல்லும் தைரியமும் இருந்தது. மகள் நாலு கொப்பு முறித்துப் பின்வளவில் ஊன்றினாள், ஒன்று பிடித்தது.

எங்கள் தெருக்களில் ஓடும் பழைய கார்களில் அனேகம் ஜப்பானிலிருந்து வந்தவை. அந்த நாட்டில் 1962இலேயே ஒரு சட்டம் வந்தது: கார் பதிய விரும்புகிறவர் அதை நிறுத்தத் தெருவல்லாத இடம் உண்டென்று பொலிசின் அத்தாட்சி காட்டவேண்டும். இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு, 2008 ஒக்டோபரிலிருந்து, வீட்டு முன்தோட்டத்தில் ஐந்து சதுர மீற்றருக்கு மேல் தண்ணீர் இறங்காத தரை போட்டு, அந்தத் தண்ணீர் ஊற இடமும் விடாவிட்டால் அனுமதி எடுக்கவேண்டும். ஐந்து சதுர மீற்றர் என்பது எங்கள் ஆல்ட்டோ நிற்கிற இடத்தின் அளவு. ஒரு நாடு காருக்கு இடம் கேட்கிறது; இன்னொரு நாடு மழைக்கு இடம் கேட்கிறது. நாங்கள் கார்களை இறக்கினோம், இந்தக் கேள்விகளை இறக்கவில்லை. 2025 பெப்ரவரியிலிருந்து தனியார் வாகன இறக்குமதி மீண்டும் நடக்கிறது. இன்னும் பல வாசல்கள் மூடப்படும்.

இரண்டு பட்டி ஊரைக் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி எங்கள் மாவட்டத்தின் தாழ்நிலங்களில் ஏறியபோது, எந்த வாசலின் மணலும் அதற்கு ஈடாகவில்லை. ஆனால் வெள்ளம் எப்போதோ ஒருமுறை வருவது. மாரி மழை ஒவ்வொரு வருடமும் வருகிறது. சாதாரண மழைநாளில் எங்கள் வாசலில் விழுந்தது விடியுமுன் மணலுக்குள் போய்விடுகிறது. அடுத்த வீட்டுக்காரர் கேற்றடியில் மண்மூட்டை வைக்கவேண்டியதில்லை.

மாமி இப்போது வாரத்தில் ஒரு நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். தடியூன்றிப் பத்துப் பன்னிரண்டு அடி நடக்கிறார், அதுவும் அந்தச் சரிவுப் பாதையில்தான். அசருக்குப் பிறகு அயல் பெண்கள் வந்தால் காரைத் தெருவில் எடுத்துவிட்டு மணலில் பாய் போடுகிறோம்.

மகளின் காலத்தில் இந்தப் பட்டிகள் இருக்குமோ தெரியாது. அவளுக்குப் பெரிய கார் வரலாம், கார் இல்லாமலும் போகலாம். முழுவாசலுக்கும் கல் பதிக்க அவள் நினைத்தால் அது அவளுடைய வாசல், அவளுடைய விருப்பம். மழைக்கணக்கை மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வாளி வாயோடு வைத்துக் குடிக்கிற தண்ணீராகக் கிணறு அவள் கைக்குப் போகவேண்டும்.